மரத்துக்குள் மெல்லும் சத்தம்

ஜூன் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடிக்காததையும் விடாமல் எழுதுவேன். அழகாக இருக்கிறதே என்று நடக்காத எதையும் சேர்க்க மாட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இப்படித்தான் குறிப்பு எடுப்பார்களாம். சுகந்தி சித்தி சொன்னாள்.

சித்தி இன்று எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தாள். அம்மாவின் தங்கை. தென்னை மரத்துக்குள் சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் தின்னும் சத்தத்தைக் கோயம்புத்தூரில் பல வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். வெளியே பச்சையாக நிற்கும் மரம் உள்ளே பொடிப்பொடியாகிக்கொண்டிருக்குமாம். கொண்டை சாய்ந்த பிறகுதான் தோப்புக்காரருக்குத் தெரியும். அப்போது மரம் போய்விட்டிருக்கும். அதற்கு முன்பே காதால் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் சித்தியின் ஆராய்ச்சி.

இப்போது அதை விவசாயிகள் காசு கொடுத்து வாங்கும் கருவியாக மாற்ற வேண்டும். அதற்கு ஓர் உதவித்தொகை, ஆகஸ்ட் கடைசி வரை. தோப்புகள் பொள்ளாச்சியில்தானே இருக்கின்றன என்று இங்கே வந்துவிட்டாள். அதற்குள் யாரும் முன்வராவிட்டால் கருவி அவ்வளவுதான். திருச்சியில் ஒரு கல்லூரியில் சித்திக்கு வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

திருச்சி எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் கேட்டேன். பொது அறிவுக்காகத்தான் கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

நாச்சிமுத்து ஐயா தோப்புக்குப் போனோம். இந்தப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவர் சரி என்றால் சங்கமும் சரி என்னும். பஷீர் அண்ணாவும் வந்திருந்தார். அவர் சித்தியோடு வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ்காரர். பெட்டியைச் செய்தது அவர்தான். டிபன் டப்பா அளவுதான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பெல்ட் போகிறது. பெல்ட்டை மரத்தில் இறுக்கிக் கட்டினால் உள்ளே நடப்பது ஹெட்போனில் கேட்கும். புழு இருந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். முதலில் ஆணி அடித்துத்தான் கேட்டார்களாம். காயம் பட்ட மரத்தைத் தேடி வண்டு வரும் என்பதால் பெல்ட்டுக்கு மாறிவிட்டார்கள்.

நல்ல மரத்தை முதலில் கேட்டேன். ஆளில்லாத பெரிய மண்டபத்தில் நிற்பது போல இருந்தது. பிறகு வேலியோரத்தில் கொண்டை சாய்ந்து நின்ற மரம்.

"கோதை, மூச்சு விடாம கேளு" என்றாள் சித்தி.

ஊறவைத்த அரிசியை யாரோ வாயை மூடிக்கொண்டு மெல்லுகிறார்கள். கொஞ்சம் நிறுத்துகிறார்கள். யோசிக்கிறார்கள். மறுபடியும் மெல்லுகிறார்கள். ரோட்டில் போன பஸ், மோட்டார் ரூம், மயில் எல்லாம் வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டன. நானும் அந்த மரமும் மட்டும் இருந்தோம். ஹெட்போனைக் கழற்றியபோது வெயில் இடம் மாறியிருந்தது.

ஜூன் 16, திங்கள்

வகுப்பில் பெஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டேன். பெஞ்சுக்குள் ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையா என்று டீச்சர் கேட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று. ஆடி முடியும்வரை பகலெல்லாம் இப்படித்தான் அடிக்கும். கொடியில் போட்ட துணி நிற்பதில்லை.

சாப்பிடும்போது அப்பா சித்தியைக் கேலி செய்தார். அப்பா பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் கேட்ட காதுக்கு உன் புழுச்சத்தம் எங்கே கேட்கப்போகிறது என்றார். பிறகு, உங்க அக்காளுக்கும் காலேஜில் விலங்கியலுக்கு இடம் கிடைத்தது, தெரியுமா என்றார். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அம்மா எழுந்து போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் சொல் கொடுத்திருக்கிறேன்.

இன்று செயல்விளக்கம். சங்கத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். டீ, வடை எல்லாம் உண்டு. காற்று பலமாக இருந்தது. மதியத்துக்கு மேல் சித்தி வரிசையாக மரங்களில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போனாள். ஓர் இளம் மரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சித்தி ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். பார்க்க அந்த மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டத்தில் யாரும் நம்பவில்லை.

நாச்சிமுத்து ஐயா, "ஏனுங் டாக்டரம்மா, அறுத்தே பாத்துரலாமுங்களா? சனமும் வந்திருக்குது" என்றார்.

சித்தி பஷீர் அண்ணாவைப் பார்த்தாள். பஷீர் அண்ணா பெட்டியைப் பார்த்தார். சரி என்றாள்.

மரம் அவசரமே இல்லாமல் விழுந்தது, மதியத் தூக்கத்துக்குப் படுக்கிறவரைப் போல. துண்டு துண்டாக அறுத்தார்கள். வெள்ளை. இன்னும் மேலே அறுத்தார்கள். அங்கேயும் வெள்ளை. ஒரு துளை இல்லை. கடைசியில் கொண்டையைப் பிளந்து குருத்தை எடுத்துத் துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

"டாக்டரம்மா புண்ணியத்துல குருத்துக் கெடைச்சுது. மாசம் ஒருக்கா வந்துட்டுப் போங்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நாச்சிமுத்து ஐயா சிரிக்கவில்லை. சித்தியின் அருகில் வந்து, "போச்சாது உடுங்" என்று தேற்றினார். அவருடைய மரம்தான் கீழே கிடந்தது.

என் கையிலும் ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்றேன். இனிப்பாக இருந்தது. உண்மையை எழுதுவதால் இதையும் எழுதுகிறேன்: இன்னொரு துண்டு கிடைக்குமா என்று பார்த்தேன்.

ஜூலை 7, திங்கள்

சித்தி மாடியிலிருந்து இறங்கவில்லை. தூறல்.

ஜூலை 10, வியாழன்

பஷீர் அண்ணா போய்விட்டார். பெங்களூரில் வேலையாம். கீழே வந்து அம்மாவிடமும் சொல்லிக்கொண்டார். சித்தி பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை, வேலை இருக்கிறது என்றாள். அவர் டீ குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கணக்குப் பாடம் முடித்துவிட்டு வந்தபோதும் அதே டம்ளரைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். நன்றாகக் கறை பிடித்திருக்கும்போல.

ஜூலை 13, ஞாயிறு

சித்தி திரும்பவும் தோப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அறுத்த மரத்தின் பக்கத்து மரங்களை வேறு வேறு நேரத்தில் கேட்டுப் பதிவு செய்கிறாள். சும்மா கேட்பதற்குக் காசு இல்லை என்று நாச்சிமுத்து ஐயா விட்டுவிட்டாராம்.

மாடி அறையைப் பெருக்கும்போது, சித்தி வீட்டில் பதிவுகளைக் கேட்கும் ஹெட்போனைத் துடைத்து வைத்தேன். அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. கரிசலாங்கண்ணித் தைலம், அம்மா காய்ச்சுவது. சித்தி தலைக்கு எண்ணெயே வைப்பதில்லை. காற்றில் எண்ணெய் வாசனை மாடிவரை ஏறி ஒட்டிக்கொள்ளுமா என்று நூலகத்தில் பார்க்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

பக்கத்து மரங்கள் விடியற்காலையில் அமைதியாக இருக்கின்றன. மத்தியானம் மெல்லும் சத்தம் கேட்கிறது. பகலில் மட்டும் பசிக்கும் புழு உண்டா என்று கேட்டேன். சித்தி நோட்டை மறுபடியும் புரட்டினாள். அப்படி ஒரு புழுவும் இல்லை என்றாள்.

ஜூலை 19, சனி

மரம் ஏறும் கருவியை வாடகைக்கு எடுத்துச் சித்தியே ஏறிவிட்டாள். நானும் நாச்சிமுத்து ஐயாவும் கீழே நின்றோம். இவ்வளவு படித்தும் மரமேற வேண்டியதாகிவிட்டதே என்று அவர் வருத்தப்பட்டார். சித்தி மேகத்துக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தாள். மட்டை இடுக்கில் கையை விட்டாள். அப்படியே நின்றாள். மேலே எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது, சித்தி மட்டும் ஆடவில்லை.

பிறகு கையை வெளியே எடுத்து விரித்தாள். என் முகத்தில் மணல் விழுந்தது.

காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையாமலிருக்க இங்கே எல்லாரும் வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து மட்டை இடுக்கில் வைப்பார்கள். எனக்குக்கூடத் தெரியும். சித்திக்கும் தெரியும். ஆனால் ஆராய்ச்சி செய்த மரங்களில் வைக்க வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாளாம். புழுவின் சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்க வேண்டுமே. இங்கே காற்று அடிக்கும்போது மட்டைகள் அசைகின்றன. இடுக்கில் மணல் அரைபடுகிறது. அது மரத்தின் வழியாக இறங்கிவந்து மெல்லும் சத்தமாகிறது.

"அஞ்சு வருசம் மரத்தைக் கழுவிக் கழுவிக் கேட்டிருக்கறேன்" என்றாள் சித்தி, வண்டியில் வரும்போது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியது.

ஜூலை 20, ஞாயிறு

கனவில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் தென்னை மரமாக இருந்தது. மணல் மேலிருந்து மெதுவாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா முந்தானையில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

காற்று எழும்புவதற்கு முன் கேட்டால் மணல் பேசாது. இதுதான் சித்தி கண்டது. விடியற்காலையிலேயே போனோம். பனி இல்லை, ஆனாலும் தோப்பு வெண்மையாக இருந்தது. ஒரு மட்டைகூட அசையவில்லை. பேசினால் ஏதாவது கலைந்துவிடும்போல இருந்ததால் நாங்கள் பேசவில்லை.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்து மரத்தில் சித்தி நின்றுவிட்டாள். நாச்சிமுத்து ஐயாவைக் கூட்டிவரச் சொன்னாள். அவர் பல் துலக்கியபடியே வந்து, தோப்பிலேயே அதிகம் காய்க்கிற மரம் அதுதான் என்றார். மறுபடியும் அறுக்கிற பேச்சு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அறுக்க வேண்டாம், கேட்டால் போதும் என்று சித்தி ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்பொடி நுரை உதட்டிலேயே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கையைத் தூக்கி மரத்தின் மேல் வைத்தார்.

"திங்குதுங்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தேடியதில் அடிமரத்தில் ஒரு சிறு துளை கிடைத்தது. வண்டு போன வழி. அதில் மருந்தை ஊற்றிக் களிமண்ணால் அடைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு அந்த மரத்தில் காய் பறிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆழியாற்றுக்குப் போக அம்மா தேங்காய் சாதமும் தயிர் சாதமும் கட்டினாள். அதற்கு முன் விடியற்காலையில் சித்தியோடு தோப்புக்குப் போய்வந்தேன்.

மோட்டார் ரூம் மரத்தில் சத்தம் இல்லை. நாச்சிமுத்து ஐயாவும் கேட்டார். ஆளில்லாத மண்டபம். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெட்டியை வாங்க மாட்டேன் என்றார். சித்தி விலையைக் குறைத்துச் சொல்லிப் பார்த்தாள். விலை ஒரு பிரச்சினையே இல்லை என்றார்.

"பொட்டிய வாங்கி வெச்சா, வெடியால எந்திரிச்சு யாருங் கேக்கறது? நீங்களே மாசம் ஒருக்கா வந்து கேட்டுச் சொன்னா மரத்துக்கு இவ்வளவுன்னு சங்கத்துல குடுத்துருவோம்."

சித்தியின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. சித்தியால் மட்டும் முடியும் என்றால் சங்கம் ஒத்துக்கொள்ளாது என்றார். நாளைக்கு நீங்கள் திருச்சிக்குப் போய்விட்டால் அத்தனை தோப்பையும் யார் கேட்பது? படிக்காத இன்னொரு ஆள், டாக்டர் இல்லாத ஆள், கேட்டுச் சரியாகச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு அப்படி ஒருவரைக் கூட்டிவாருங்கள், பார்க்கலாம் என்றார்.

ஆற்றில் எல்லாரும் குளித்தோம். சித்தி கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மணலுக்கும் புழுவுக்கும் வித்தியாசம் பிடிபடத் தனக்கே மாதக்கணக்கில் ஆயிற்று, ஒரு வாரத்தில் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்றாள். நான் வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றாள். அம்மா சாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரவுச் சாப்பாடு. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "நான் கேக்கறேன்" என்றாள்.

என்ன கேட்கப்போகிறாய் என்றார் அப்பா. மரத்தை என்றாள். அப்பா பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

சித்தி வெளியே போகிற நேரமெல்லாம் மாடிக்குப் போய்ப் பதிவுகளைக் கேட்டிருக்கிறாள் அம்மா. ஜூன் மாதத்திலிருந்தே. துணி காயப்போடப் போவதாக நாங்கள் நினைத்திருந்தோம்.

"மணலு சரிஞ்சா சரிஞ்சதுதான், மறுக்காக் காத்து அடிச்சாத்தான் பேசும். புழு அப்படியில்ல. நிறுத்தும், அப்புறம் உட்ட எடத்துலயே புடிக்கும்."

சித்தி அம்மாவையே பார்த்தாள். "அக்கா, இதைத்தான் நான் ஒரு அத்தியாயம் பூரா எழுதியிருக்கறேன்" என்றாள்.

"அதையுந்தான் பாத்தேன். இங்கிலீசு பாதி புரியல" என்று அம்மா ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுக்களையிலிருந்து உடனே வரவில்லை.

நான் இவ்வளவு கவனமாக எல்லாவற்றையும் பார்க்கிறவள். இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்று விடியலாக அம்மாவும் சித்தியும் பக்கத்துத் தோப்பில் பழகுகிறார்கள். காலை டிபன் அப்பா செய்தார். உப்புமா. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதலில் சித்தி ஒரு வரிசை மரங்களைக் கேட்டுத் தன் முடிவை நாச்சிமுத்து ஐயாவின் காதில் சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய் நின்றாள். பிறகு அம்மா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு. சங்கத்து ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். குருத்துக் கிடைத்தது என்று கேலி செய்தவரும் இருந்தார்.

அம்மா பெல்ட்டைக் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பூஜையறையில்கூட அவள் அப்படி நின்றதில்லை. கேட்டு முடித்த நல்ல மரத்தில் ஒரு கோடு போட்டாள். புழு உள்ள மரத்தில் வட்டம். பெட்டியின் விளக்கை அவள் பார்க்கவே இல்லை. ஒரு மரத்தில் மட்டும் நீண்ட நேரம் நின்றாள். பெல்ட்டை மேலே ஏற்றிக் கேட்டாள், கீழே இறக்கிக் கேட்டாள். எல்லாரும் காத்திருந்தார்கள். தூரத்தில் முதல் மட்டை அசைந்தது. அம்மா ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டால் தேவலை என்று நினைத்தேன்.

அம்மா கேள்விக்குறி போட்டாள்.

"என்னங் இது?" என்றார் நாச்சிமுத்து ஐயா.

"தெரியலீங். காத்து வந்துருச்சு. அடுத்த வாரம் வந்து கேட்டுச் சொல்றேன்."

குருத்துக்காரர் இருமினார். நாச்சிமுத்து ஐயா வரிசையின் தொடக்கத்திலிருந்து நடந்து பார்த்துக்கொண்டே வந்தார். கோடுகளும் வட்டங்களும் சித்தி சொன்னபடியே இருந்தன. கேள்விக்குறியிட்ட மரத்தைச் சித்தி புழு என்று சொல்லியிருந்தாளாம். ரோட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு மறுபடியும் கேட்கச் சொன்னார். சித்தி கேட்டாள். அவள் முகம் சிவந்தது. தானும் உறுதியாகச் சொல்ல முடியாது, அக்கா போட்டதுதான் சரி என்றாள்.

தப்பாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நாச்சிமுத்து ஐயா கேள்விக்குறியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சங்கத்து ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொட்டிக்குத் தெரியலைன்னு சொல்லத் தெரியாது. அதுனால நான் ஒரு மரத்த இழந்தேன். இந்தம்மிணி சொல்லுது. இவங்க சொன்னா நம்பலாமுங்."

ஆகஸ்ட் 16, சனி

சங்கம் ஒத்துக்கொண்டது. செப்டம்பரிலிருந்து மாதம் ஒரு முறை, மரத்துக்கு இவ்வளவு என்று. முதலில் ஆற்றோரத் தோப்புகள் மட்டும். நன்றாக நடந்தால் மற்றவையும். அம்மாவைப் போல இன்னும் சில பெண்களைப் பழக்க வேண்டும். சித்தி பெட்டியிலிருந்த சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டாள்.

பிறகு மொட்டை மாடியில் நின்று திருச்சிக்குப் போன் செய்தாள். துணி எடுக்கலாம் என்று நானும் போனேன். துணி காயவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்தேன். வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. காற்று காலத்தில் இப்படி ஆகும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கேள்விக்குறி மரத்தில் புழு இல்லை. காலையில் காற்று எழும்புமுன் இருவரும் கேட்டு முடித்துவிட்டார்கள். செப்டம்பருக்கு முன் பழகிக்கொள்ள, நாளைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தோப்பு. இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அதனால் வீட்டில் இப்போதெல்லாம் எட்டு மணிக்கே படுக்கிறோம். செய்தி பார்க்க விடுவதில்லை என்று அப்பா முனகினார். அவர் முனகலும் நின்றுவிட்டது.

அம்மாவும் சித்தியும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் இப்படித்தான் படுப்பார்களாம். கிசுகிசுவென்று பேசுவதைக் கேட்க முயன்றேன். மண்டபத்தில் யாரோ நடப்பது போலத்தான் கேட்கிறது. சித்தி ஏதோ சொல்ல, அம்மா சிரிக்கிறாள். அம்மாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. இன்னும் எழுத நிறைய இருக்கிறது. "கோதை, போதும் படு" என்கிறாள் அம்மா. மாடி விளக்கைச் சித்தி முன்பே அணைத்துவிட்டாள், அடுக்களை விளக்கு அணைந்துவிட்டது, இதோ இந்த அறை விளக்கையும் அணைக்கிறேன்.